பிரின்டரை யூஎஸ்பியிலிருந்து வைஃபைக்கு மாற்ற டிரைவரை அழிக்க வேண்டுமா?

வாசல்திண்ணை | 8 நவம்பர் 2025, இரவு 9.40

எப்சன் எல்3250, விண்டோஸ் 11 டெஸ்க்டாப். வாங்கிய நாளிலிருந்து யூஎஸ்பி கேபிளில்தான் ஓடுகிறது. இப்போது பிரின்டர் பக்கத்து அறைக்குப் போகிறது, வைஃபையில் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். கடையில் கேட்டால், பழைய டிரைவரை முழுக்க அழித்துவிட்டு வைஃபை டிரைவரைத் தனியாகப் போட வேண்டும் என்கிறார்கள். ஏ5 தாளுக்கும் போட்டோ தாளுக்கும் தனித்தனியாக செட்டிங் சேமித்து வைத்திருக்கிறேன், அது போனால் திரும்ப முதலிலிருந்து உட்கார வேண்டும். வைஃபைக்கு என்று தனி டிரைவர் உண்டா?

ஸ்பூலர் | 8 நவம்பர், இரவு 10.25

கிடையாது. எதையும் அழிக்காதீர்கள்.

விண்டோஸைப் பொறுத்தவரை ஒரு பிரின்டர் என்பது டிரைவரும் போர்ட்டும் சேர்ந்தது. டிரைவர் உங்கள் பக்கத்தை அந்த மாடலுக்குப் புரிகிற மொழிக்கு மாற்றுகிறது. மாற்றியதை எந்த வழியாக அனுப்புவது என்பதை மட்டும் போர்ட் சொல்கிறது. இப்போது உங்களுடையது யூஎஸ்பி001 என்ற போர்ட்டில் இருக்கும். கேபிளை எடுத்துவிட்டு வைஃபைக்குப் போகும்போது மாறுவது அந்தப் போர்ட் ஒன்றுதான். டிரைவரும் தாள் செட்டிங்கும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதலில் பிரின்டரை ரூட்டரில் சேருங்கள். இந்த வேலை முடியும்வரை கம்ப்யூட்டரைத் தொட வேண்டியதில்லை. ரூட்டரில் டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்ட் அடிக்காமலே கருவியைச் சேர்க்கும் வசதி) பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிட்டு, பிரின்டரில் வைஃபை பொத்தானை 5 விநாடிக்கு மேல் பிடியுங்கள், விளக்குகள் மாறி மாறி மின்னும். டபிள்யூபிஎஸ் திறந்திருப்பது 2 நிமிடம்தான், அதற்குள் இரண்டையும் அழுத்தியாக வேண்டும். பொத்தான் இல்லாத ரூட்டர் என்றால் மொபைலில் எப்சன் ஸ்மார்ட் பேனல் செயலியைப் போட்டு அதன் வழியாக வைஃபை பாஸ்வேர்டைக் கொடுக்கலாம். சேர்ந்ததும் பிரின்டரிலேயே நெட்வொர்க் அறிக்கைப் பொத்தானை அழுத்துங்கள், ஒரு தாள் வரும். அதில் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் பிரின்டருக்குக் கிடைத்த எண்) என்ற வரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கம்ப்யூட்டர். வரிசையில் நிற்கும் பழைய பிரின்ட் வேலைகளை முதலில் கேன்சல் செய்யுங்கள். இல்லாவிட்டால் போர்ட் மாறியதும் அவை எல்லாம் சேர்ந்து புது வழியில் பாயும். செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ், அதில் பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ், உங்கள் பிரின்டரைத் தொட்டு பிரின்டர் ப்ராப்பர்ட்டீஸ். பக்கத்திலேயே பிரின்டிங் ப்ரெஃபரன்சஸ் என்று ஒன்று இருக்கும், அது வேறு. போர்ட்ஸ் என்ற டேபுக்குப் போய் ஆட் போர்ட், ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட், நியூ போர்ட். தாளில் வந்த ஐபியை அடித்து நெக்ஸ்ட் கொடுங்கள். அது தேடிக்கொண்டு நிற்கும், விட்டுவிடுங்கள். கூடுதல் விவரம் கேட்டால் ஜெனெரிக் நெட்வொர்க் கார்டு என்று இருப்பதையே வைத்து ஃபினிஷ். திரும்ப போர்ட்ஸ் பட்டியலுக்கு வரும்போது புதுப் போர்ட்டில் டிக் இருக்க வேண்டும். அப்ளை. இப்போது யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கிவிட்டு ஜெனரல் டேபில் பிரின்ட் டெஸ்ட் பேஜ்.

ஸ்பூலர் | 8 நவம்பர், இரவு 10.41

ஒன்று விட்டுப்போயிற்று. பிரின்டர் தானாக அணைந்துபோகும் பவர் ஆஃப் டைமரைக் கேபிள் மாட்டியிருக்கும்போதே மாற்றிவிடுங்கள். பிரின்டிங் ப்ரெஃபரன்சஸில் மெயின்டனன்ஸ் டேப், பிரின்டர் அண்ட் ஆப்ஷன் இன்ஃபர்மேஷன். சாதாரண டிசிபி/ஐபி போர்ட்டில் எப்சனின் ஸ்டேட்டஸ் மானிட்டர் பிரின்டரிடமிருந்து பதில் வாங்க முடியாமல் போகலாம், அப்போது இந்த செட்டிங்கும் ஏறாது. டைமர் ஓடினால் பக்கத்து அறையில் பிரின்டர் அணைந்து கிடக்கும், இங்கே ஆஃப்லைன் என்று காட்டும், குற்றம் வைஃபை தலையில் விழும்.

இங்க் அளவும் திரையில் தெரியாமல் போகலாம். எல் வரிசையில் தொட்டியைக் கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பதால் அது பெரிய இழப்பில்லை. நாசில் செக் (மை சரியாக வருகிறதா என்று பார்க்கும் சோதனைத் தாள்) வேண்டுமென்றால் பிரின்டரை அணைத்து, ஸ்டாப் பொத்தானைப் பிடித்தபடியே ஆன் செய்தால் தாள் வந்துவிடும்.

வாசல்திண்ணை | 9 நவம்பர், காலை 7.15

சேரவில்லை. அறிக்கைத் தாளில் இ-2 என்று வருகிறது. ரூட்டரில் டபிள்யூபிஎஸ் இல்லை, செயலி வழியாகத்தான் கொடுத்தேன். பாஸ்வேர்ட் சரிதான், அதே பாஸ்வேர்டில் மொபைல் ஓடுகிறது.

ஸ்பூலர் | 9 நவம்பர், காலை 8.02

இ-2, இ-3, இ-7 மூன்றும் ஒரே குடும்பம்: வைஃபை பெயர் கண்ணில் படவில்லை அல்லது பாஸ்வேர்ட் ஒத்துவரவில்லை. உங்கள் மொபைல் இருப்பது 5 கிகாஹெர்ட்ஸில் என்று நினைக்கிறேன். எல்3250-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரூட்டரில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் இருந்தால் 2.4-இன் பெயரைக் கொடுங்கள். ஒரே பெயர் என்றால் ரூட்டர் பக்கத்தில் 5 கிகாஹெர்ட்ஸைக் கொஞ்ச நேரம் அணைத்து, பிரின்டரைச் சேர்த்து, பிறகு திரும்பப் போடுங்கள். சேர்ந்தபின் தானாகவே 2.4-இல் ஒட்டிக்கொள்ளும்.

கம்ப்யூட்டர் 5-இல் இருந்தாலும் லேன் கேபிளில் இருந்தாலும் பரவாயில்லை. ரூட்டர் ஒன்றாக இருந்தால் போதும்.

இ-5 வந்தால் கதை வேறு, பாதுகாப்பு வகை பொருந்தவில்லை என்று அர்த்தம். ரூட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2 அல்லது இரண்டும் கலந்தது என்று மாற்றுங்கள். இ-8 என்றால் ஐபி சரியாகக் கிடைக்கவில்லை.

கெஸ்ட் வைஃபையில் மட்டும் பிரின்டரைச் சேர்க்காதீர்கள். அங்கே ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி ரூட்டரே தடுத்துவிடும். சேர்ந்தது போலத் தெரியும், பிரின்ட் மட்டும் போகாது.

வாசல்திண்ணை | 9 நவம்பர், காலை 11.30

5-ஐ அணைத்ததும் சேர்ந்துவிட்டது. 192.168.29.47 என்று வந்தது. போர்ட்டை மாற்றினேன், டெஸ்ட் பேஜ் வந்தது, ஏ5 செட்டிங் அப்படியே இருக்கிறது. ஸ்கேன் மட்டும் வேலை செய்யவில்லை.

ஸ்பூலர் | 9 நவம்பர், பகல் 12.10

ஸ்கேனருக்கு டிரைவர் தனி, வழியும் தனி. பிரின்ட் போர்ட்டை மாற்றியது அதற்குத் தெரியாது, இன்னும் யூஎஸ்பியையே பார்த்துக்கொண்டிருக்கும். ஸ்டார்ட்டில் எப்சன் ஸ்கேன் 2 யுட்டிலிட்டி என்று தேடுங்கள். அதில் ஆட் கொடுத்தால் நெட்வொர்க்கில் உள்ள ஸ்கேனரைக் காட்டும், காட்டாவிட்டால் ஐபியைக் கையால் அடிக்கலாம். சேர்த்தபின் ஸ்கேன் 2-ஐத் திறந்து மேலே ஸ்கேனர் பெயரில் நெட்வொர்க் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆல்-இன்-ஒன் எதை மாற்றினாலும் இது இரட்டை வேலைதான். பிரின்ட் வந்ததும் முடிந்தது என்று கேபிளைச் சுருட்டி வைத்துவிடுகிறோம், பத்து நாள் கழித்து ஆதார் நகல் ஸ்கேன் செய்யப் போகும்போதுதான் தெரியும்.

29 என்ற எண்ணைப் பார்த்தால் ஜியோ ஃபைபர் ரூட்டர், 192.168.29.1. அந்த 47 உங்களுக்குச் சொந்தம் இல்லை, ரூட்டர் வாடகைக்குக் கொடுத்தது. மின்சாரம் போய் வந்தால் 52 ஆகலாம், 47 யாருடைய மொபைலுக்காவது போகலாம். போர்ட் மட்டும் 47-ஐயே தட்டிக்கொண்டிருக்கும். ரூட்டர் பக்கத்தில் லேன் பகுதியில் டிஹெச்சிபி (ரூட்டர் ஐபி கொடுக்கும் முறை) ரிசர்வேஷன் போன்ற பெயரில் ஒன்று இருக்கும். அங்கே பிரின்டரின் மேக் முகவரியையும் (கருவிக்கே உரிய அடையாள எண்) 192.168.29.47-ஐயும் எழுதிச் சேமித்துவிடுங்கள். மேக் முகவரி அதே அறிக்கைத் தாளில் இருக்கிறது. லேன் சாக்கெட்டும் வைஃபையும் உள்ள பெரிய பிரின்டர்களில் மேக் இரண்டு இருக்கும், வைஃபை உடையதை எடுக்க வேண்டும்.

மையாடி | 9 நவம்பர், மாலை 6.20

பிரின்டரிலேயே நிலையான ஐபி போட்டால் என்ன? ரூட்டர் பக்கம் போக வேண்டாமே.

ஸ்பூலர் | 9 நவம்பர், மாலை 6.55

போடலாம், ஆனால் ரூட்டர் வாடகைக்குக் கொடுக்கும் வரம்புக்கு வெளியே போட வேண்டும். உதாரணமாக டிபி-லிங்க் ரூட்டர்கள் பலவற்றில் வரம்பு 192.168.0.100 முதல் 199 வரை. அங்கே 192.168.0.50 என்று கொடுத்தால் மோதாது. வரம்புக்கு உள்ளே 120 என்று போட்டால் என்றோ ஒரு நாள் அதே எண் இன்னொரு கருவிக்கும் போகும், அன்று இரண்டும் தடுமாறும். சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே ரூட்டரின் எண். எனக்கு ரிசர்வேஷன்தான் பிடிக்கும். பட்டியல் ஒரே இடத்தில் இருக்கும், பிரின்டரை ரீசெட் செய்தாலும் அதே எண் கிடைக்கும்.

மையாடி | 9 நவம்பர், இரவு 8.30

இந்தப் போர்ட் வழி எல்லாப் பிரின்டருக்கும் பொருந்தாது என்பதையும் எழுதி வைத்துவிடலாம். கேனன் பிக்ஸ்மா ஜி வரிசையில் டிசிபி/ஐபி போர்ட் போட்டு உட்கார்ந்தால் பெரும்பாலும் எதுவும் வராது. அவை நெட்வொர்க்கில் பிரின்ட் வேலைகள் வந்து சேரும் 9100 என்ற வழக்கமான கதவில் காத்திருப்பதில்லை, கேனனுக்கே உரிய நெறிமுறையில் பேசுகின்றன. அதற்குக் கேனனின் செட்டப் மென்பொருளையே திரும்ப ஓட்டி, இணைப்பு முறையை மாற்று என்று கொடுத்தால் அது தன் போர்ட்டைத் தானே உருவாக்கும்.

ஸ்பூலர் | 9 நவம்பர், இரவு 9.05

சரியான சேர்க்கை. மேலே நான் சொன்னது எப்சன், பிரதர், நெட்வொர்க் உள்ள ஹெச்பி லேசர் இவற்றுக்குப் பொருந்தும். இவை 9100-இல் கேட்கும். பிரதரில் எல்பிஆர் (வரிசைப் பெயர் சொல்லி அனுப்பும்) முறையில் போட்டால் வரிசைப் பெயராக பைனரி_பி1 என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் கொடுக்க வேண்டும். ரா (9100 கதவுக்கு நேராக அனுப்பும் முறை) போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

கேனனிலும் பழைய டிரைவரை அழிக்க அவசியம் இல்லை. செட்டப் ஓட்டினால் புதிதாக ஒரு போர்ட் வரும், சில சமயம் இரண்டாவது ஐகானும் வரும். எந்த ஐகான் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று போர்ட்ஸ் டேபில் பார்த்து, யூஎஸ்பியில் நிற்பதைப் பிறகு நீக்கினால் போதும்.

தெருமுனை | 11 நவம்பர், காலை 10.05

எனக்கும் எல் வரிசைதான். செட்டிங்ஸில் ஆட் டிவைஸ் கொடுத்தேன், அதுவே கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டது, போர்ட் எதுவும் மாற்றவில்லை. இவ்வளவு சுலபமாக இருக்கும்போது ஏன் இந்தச் சுற்று?

ஸ்பூலர் | 11 நவம்பர், காலை 11.20

அந்த வழியில் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரின்டர் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு டேபில் டிரைவர் பெயர் என்ன? மைக்ரோசாஃப்ட் ஐபிபி கிளாஸ் டிரைவர் என்று இருந்தால் அது விண்டோஸின் பொது டிரைவர், எப்சன் டிரைவர் ஓரமாக நிற்கிறது. பொதுவான பிரின்ட் நன்றாகவே வரும். எப்சன் டிரைவரில் இருந்த தர வகைகள், மெயின்டனன்ஸ் டேப், சேமித்த செட்டிங் எதுவும் அந்த ஐகானில் இருக்காது. கேள்வி கேட்டவருக்கு ஏ5 செட்டிங் முக்கியம் என்பதால்தான் போர்ட் வழியைச் சொன்னேன்.

இரண்டாவது, போர்ட் பெயர் டபிள்யூஎஸ்டி என்று தொடங்குகிறதா? அப்படியானால் விண்டோஸ் பிரின்டரை எண்ணால் பிடித்து வைக்கவில்லை, ஒவ்வொரு முறையும் கூப்பிட்டுப் பார்த்துத் தேடுகிறது. ஐபி மாறினாலும் கண்டுபிடித்துவிடும், அது நல்லது. பிரின்டர் உறக்கத்தில் இருக்கும்போதோ ரூட்டர் அந்த அழைப்பைக் கடத்தாதபோதோ ஆஃப்லைன் என்று சொல்லிவிடும், அதுதான் கஷ்டம். நாலு நாள் நன்றாக ஓடி ஐந்தாம் நாள் ஆஃப்லைன், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் சரி என்று யார் சொன்னாலும் முதலில் அந்தப் போர்ட்டைப் பாருங்கள். மருந்து மேலே சொன்னதுதான்: ரிசர்வேஷன், டிசிபி/ஐபி போர்ட்.

ஸ்பூலர் | 11 நவம்பர், காலை 11.34

டிசிபி/ஐபி போர்ட்டிலும் ஆஃப்லைன் பொய் சொல்லும் இடம் ஒன்று உண்டு. போர்ட்ஸ் டேபில் கன்ஃபிகர் போர்ட் திறந்தால் கீழே எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு என்று ஒரு பெட்டி. அதில் டிக் இருந்தால் விண்டோஸ் தனிக் கேள்வி ஒன்றை யூடிபி 161 வழியாகக் கேட்கும். அதற்குப் பிரின்டர் பதில் சொல்லாவிட்டால், 9100 திறந்தே இருந்தாலும் ஆஃப்லைன் என்று முடிவு கட்டிவிடும். டிக்கை எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு அந்த விசாரணை தேவையே இல்லை.

வரிசையில் ஒரு வேலை டிலீட்டிங் என்றே நாள் கணக்கில் நின்றால்: சர்வீசஸில் பிரின்ட் ஸ்பூலரை (பிரின்ட் வரிசையைக் கவனிக்கும் விண்டோஸ் சேவை) ஸ்டாப் செய்து, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல்களை மட்டும் அழித்து, ஸ்பூலரைத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபோல்டரையே அழித்துவிடக் கூடாது.

தெருமுனை | 11 நவம்பர், இரவு 7.48

டபிள்யூஎஸ்டிதான் இருந்தது. டிசிபி/ஐபி போடப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது. தாளில் 192.168.0.104. கம்ப்யூட்டர் 192.168.1.7 என்று காட்டுகிறது. மொபைலில் மட்டும் பிரின்ட் போகிறது.

ஸ்பூலர் | 11 நவம்பர், இரவு 8.15

வீட்டில் இரண்டு ரூட்டர். ஃபைபர்காரர் வைத்த பெட்டி ஒன்று, வைஃபை எட்டவில்லை என்று நீங்கள் வாங்கிப் போட்டது இன்னொன்று. கம்ப்யூட்டர் ஃபைபர் பெட்டியில் லேன் கேபிளில் இருக்கிறது, பிரின்டரும் மொபைலும் இரண்டாவது ரூட்டரின் வைஃபையில். 192.168.0, 192.168.1 இரண்டும் இரண்டு தெரு போல: 0-ஆம் தெருவிலிருந்து 1-ஆம் தெருவுக்குப் போகலாம், 1-இலிருந்து 0-க்குள் நுழைய ரூட்டர் விடாது. கம்ப்யூட்டரை 0-க்கு மாற்றினால் பிரின்ட் வந்துவிடும் என்றாலும் வேரோடு சரிசெய்வது நல்லது.

இரண்டாவது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் (தனியாக ஐபி கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும்) மோடுக்கு மாற்றுங்கள். அந்த மோட் இல்லாத பழைய ரூட்டர் என்றால், முதலில் அதன் லேன் ஐபியை 192.168.1.2 போல முதல் ரூட்டரின் வரம்புக்குள் வராத எண்ணாக மாற்றி, டிஹெச்சிபியை அணைத்து, ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை வேன் (இணையக் கேபிள் நுழையும்) துளையிலிருந்து எடுத்து லேன் துளை ஒன்றில் செருகுங்கள். இந்த வரிசையிலேயே செய்யுங்கள். டிஹெச்சிபியை அணைக்கும் முன் கேபிளை மாற்றினால் வீட்டில் இரண்டு பேர் ஐபி கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். முடிந்ததும் பிரின்டரை அணைத்துப் போட்டால் 192.168.1 வரிசையில் புது எண் வாங்கும்.

கடைக்கணக்கு | 14 நவம்பர், மாலை 4.10

எங்கள் பக்கம் கரன்ட் போய் வந்தால் பிரின்டர் காணாமல் போகிறது. தாள் எடுத்தால் 169.254 என்று தொடங்கும் எண். பிரின்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டால் சரியாகிறது. ஏன்?

ஸ்பூலர் | 14 நவம்பர், மாலை 4.52

கரன்ட் வந்ததும் இரண்டும் ஒன்றாக விழிக்கின்றன. பிரின்டர் முந்திவிடுகிறது, ரூட்டர் முழுதாக எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. ஐபி கேட்ட நேரத்தில் கொடுக்க ஆள் இல்லை, அதனால் பிரின்டர் 169.254 என்று தானே ஒன்றை வைத்துக்கொள்கிறது. அந்த எண்ணில் இருக்கும்வரை ரூட்டர் வழியில் அதைப் பிடிக்க முடியாது. ரூட்டருக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று வைத்தால் பிரச்சினை எழவே எழாது, 12 வோல்ட் ரூட்டருக்கென்றே வரும் சிறிய பெட்டி போதும். பிரின்டரிலேயே நிலையான ஐபி போடுவதற்கு நியாயமான காரணம் இது ஒன்றுதான், அப்போது அது யாரிடமும் கேட்காது.

லேசர் பிரின்டரை மட்டும் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் செருகாதீர்கள். உள்ளே உருளையைச் சூடாக்கும் ஹீட்டர் எரியும் கணத்தில் பல நூறு வாட் இழுக்கும், 600 விஏ யூபிஎஸ் அந்த இழுப்பில் கீச்சிட்டு அணையும். இங்க் பிரின்டர் என்றால் பரவாயில்லை.

பழையலேசர் | 16 நவம்பர், காலை 9.30

வைஃபையே இல்லாத பிரின்டருக்கு என்ன வழி? ஒரு வீட்டில் கேனன் எல்பிபி2900, இன்னொரு வீட்டில் ஹெச்பி லேசர்ஜெட் 1020 பிளஸ். இரண்டும் யூஎஸ்பி மட்டும். ரூட்டரில் யூஎஸ்பி துளை இருக்கிறதே, அதில் செருகினால் ஆகாதா?

ஸ்பூலர் | 16 நவம்பர், காலை 10.40

நீங்கள் சொன்ன இரண்டுக்கும் அது கைகொடுக்காது, காரணம் வேறு வேறு.

1020-க்குச் சொந்த நினைவில் ஃபர்ம்வேர் (பிரின்டரை இயக்கும் உள் மென்பொருள்) இல்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டரிலிருக்கும் டிரைவர்தான் அதை ஊட்டிவிடுகிறது. ரூட்டருக்கு ஊட்டத் தெரியாது, பிரின்டர் விளக்கெரிய மௌனமாக நிற்கும். எல்பிபி2900 பேசுவது கேனனின் கேப்ட் மொழி. அது இருவழிப் பேச்சு, ஒவ்வொரு கட்டத்திலும் பிரின்டரின் பதிலைக் கேட்டுத்தான் அடுத்ததை அனுப்பும். ரூட்டரின் பிரின்ட் சர்வர் ஒரு பக்கமாகத் தள்ளிவிடுவதோடு சரி.

ராஸ்பெர்ரி பை (கையளவு லினக்ஸ் கம்ப்யூட்டர்) ஒன்றில் கப்ஸ் (பிரின்ட் சர்வர் மென்பொருள்) போட்டு வைப்பது நல்ல ஏற்பாடு, 1020-க்கு ஃபூ2இசட்ஜேஎஸ் டிரைவர் ஃபர்ம்வேரையும் சேர்த்து ஊட்டிவிடும், மொபைலிலிருந்தும் பிரின்ட் வரும். 2900-க்குக் கேனன் தரும் லினக்ஸ் டிரைவர் இன்டெல் வகை பிராசசருக்கானது, ராஸ்பெர்ரி பையில் ஓடாது. எனவே 2900 உள்ள வீட்டில் கம்ப்யூட்டரோடு மாட்டி ஷேர் செய்வதே உருப்படியான வழி. அந்தக் கம்ப்யூட்டர் ஆன் செய்திருக்க வேண்டும், ஸ்லீப்பில் போகக் கூடாது.

இடம் மட்டும்தான் பிரச்சினை என்றால் நீளமான யூஎஸ்பி கேபிளே போதும். யூஎஸ்பி 2.0-க்கு எல்லை 5 மீட்டர். 10 மீட்டர் சாதாரணக் கேபிள் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள், பாதிப் பக்கத்தில் நிற்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் நடுவில் ரிப்பீட்டர் உள்ள ஆக்டிவ் கேபிள்.

பழையலேசர் | 17 நவம்பர், இரவு 8.05

ஷேர் செய்தேன். இன்னொரு லேப்டாப்பிலிருந்து இணைக்கும்போது பூச்சியங்கள் வந்து 11பி என்று முடியும் பிழை. யூட்யூபில் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் செட்டிங் கிடங்கு) ஒரு மதிப்பைப் பூச்சியமாக்கச் சொல்கிறார்கள்.

ஸ்பூலர் | 17 நவம்பர், இரவு 8.50

ரெஜிஸ்ட்ரியில் கை வைக்காதீர்கள். 2021-இல் விண்டோஸ் பிரின்ட் ஸ்பூலரில் பெரிய ஓட்டைகள் வெளிப்பட்டன, அதை ஒட்டி வந்த பாதுகாப்பு இறுக்கத்தில்தான், அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து, இந்தப் பிழை தலைகாட்டியது. அந்த மதிப்பைப் பூச்சியமாக்கினால் இறுக்கிய பூட்டையே கழற்றிவிடுகிறீர்கள்.

வேறு வழி இருக்கிறது, அதுவும் போர்ட்தான். லேப்டாப்பில் 2900-இன் டிரைவரை முதலில் தனியாகப் போடுங்கள். பிரின்டர் சேர்க்கும் இடத்தில் மேனுவலாக லோக்கல் பிரின்டர் சேர்ப்பதைத் தேர்ந்து, க்ரியேட் எ நியூ போர்ட், லோக்கல் போர்ட். பெயர் கேட்கும் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடு, கம்ப்யூட்டர் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, ஷேர் பெயர். ஷேர் பெயரில் இடைவெளி இல்லாமல் எல்பிபி என்பது போலச் சுருக்கமாக வையுங்கள். டிரைவர் லேப்டாப்பிலேயே இருப்பதால் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து டிரைவர் இறக்கும் சடங்கு இல்லை, பெரும்பாலும் பிழை அதோடு நின்றுவிடும்.

பெயரும் பாஸ்வேர்டும் கேட்டால் பின் எண் செல்லாது. நான்கு இலக்கப் பின் அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும்தான். பிரின்டர் மாட்டிய கம்ப்யூட்டரில் பாஸ்வேர்ட் உள்ள லோக்கல் அக்கவுன்ட் ஒன்று உருவாக்கி அதைக் கொடுங்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் வகை பிரைவேட் என்று இருக்க வேண்டும். பப்ளிக் என்றிருந்தால் ஃபயர்வால் கதவைச் சாத்திவிடும்.

கடைக்கணக்கு | 18 நவம்பர், மதியம் 2.25

இதோடு ஒட்டிய கேள்வி. பழைய டாஸ் பில்லிங் புரோகிராம், 32 பிட் விண்டோஸ் 10. டிவிஎஸ் எம்எஸ்பி 250 டாட் மேட்ரிக்ஸ் பேரலல் கேபிளில் இருந்தது. மதர்போர்டு மாற்றியதில் பேரலல் துளை போய்விட்டது, யூஎஸ்பி-பேரலல் கேபிள் வாங்கி மாட்டினேன். நோட்பேடில் பிரின்ட் வருகிறது, பில்லிங்கில் வரவில்லை.

ஸ்பூலர் | 18 நவம்பர், மதியம் 3.15

அந்தக் கேபிள் எல்பிடி1 (பழைய பேரலல் துளையின் பெயர்) போர்ட்டை உருவாக்காது, யூஎஸ்பி001 என்றே வரும். டாஸ் புரோகிராமுக்கு எல்பிடி1 தவிர வேறு உலகம் தெரியாது. பிரின்டரை எம்எஸ்பி என்று ஷேர் செய்துவிட்டு, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1-ஐ அந்த ஷேருக்குத் திருப்பிவிடுங்கள், கடைசியில் பெர்சிஸ்டன்ட் யெஸ் சேர்த்தால் அடுத்த நாளும் நிற்கும். பில்லிங்கை எந்த அக்கவுன்டில் ஓட்டுகிறீர்களோ அதே அக்கவுன்டில், ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுக்காமல் சாதாரணமாகத் திறந்த ப்ராம்ப்ட்டில் அடியுங்கள். அட்மின் ப்ராம்ப்ட்டில் அடித்தால் திருப்பம் அங்கேயே நின்றுவிடும், பில்லிங் கண்ணுக்குத் தெரியாது.

பில் அச்சாகும்போது எழுத்துக்கு நடுவே குப்பை வந்தால் டிரைவரை ஜெனெரிக் டெக்ஸ்ட் ஒன்லி என்று மாற்றிப் பாருங்கள். இந்த ஏற்பாடு டாட் மேட்ரிக்ஸுக்கு மட்டும். அது வெறும் எழுத்தை அப்படியே வாங்கி அடிக்கும், 1020 போன்ற லேசருக்கு அந்த எழுத்து புரியாது. கம்ப்யூட்டரை மாற்றும்போதும் கவனம்: விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது, 16 பிட் டாஸ் புரோகிராம் அதில் நேராக ஓடாது.

வாசல்திண்ணை | 22 நவம்பர், காலை 10.00

ஸ்கேனும் சரியாகிவிட்டது. ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் விபிஎன் போட்டால் பிரின்டர் போய்விடுகிறது.

ஸ்பூலர் | 22 நவம்பர், காலை 10.12

விபிஎன் எல்லாப் போக்குவரத்தையும் ஆபீஸுக்கு இழுத்துக்கொள்கிறது, வீட்டு 192.168.29-உம் அதில் போய்விடுகிறது. உங்களால் மாற்ற முடியாது, ஆபீஸ் ஐடி ஆட்கள் அனுமதித்தால் உண்டு. பிடிஎஃப்பாகச் சேமித்து விபிஎன்னை நிறுத்திவிட்டு அடிக்கலாம். ஆபீஸ் அனுமதித்தால் அந்த லேப்டாப்புக்கு மட்டும் யூஎஸ்பி கேபிள் மாட்டலாம், யூஎஸ்பி போர்ட் விபிஎன் வழியில் வராது.

வாசல்திண்ணை | 11 ஜனவரி 2026, மாலை 5.30

இணைய நிறுவனத்தை மாற்றப் போகிறேன். புது ரூட்டர் 192.168.1.1 என்று வருமாம். எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டுமா?

ஸ்பூலர் | 11 ஜனவரி, மாலை 6.20

பழைய ரூட்டரைக் கழற்றும் முன் அதன் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். புது ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அதே பெயர், அதே பாஸ்வேர்ட், டபிள்யூபிஏ2. பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட ஒன்றாக இருந்தால் பிரின்டர் தானே போய் ஒட்டிக்கொள்ளும்.

புது ரூட்டர் அனுமதித்தால் அதன் லேன் ஐபியையும் 192.168.29.1 என்று மாற்றி, டிஹெச்சிபி வரம்பை அதற்கேற்பத் திருத்தி, 47-க்கு ரிசர்வேஷன் போட்டுவிடுங்கள். கம்ப்யூட்டரில் ஒரு க்ளிக் கூட வேண்டாம். அனுமதிக்காவிட்டால் புது வரிசையில் ஓர் எண்ணை ரிசர்வ் செய்து, போர்ட்ஸ் டேபில் இருக்கும் அதே போர்ட்டைத் தேர்ந்து கன்ஃபிகர் போர்ட்டில் ஐபியை மட்டும் மாற்றுங்கள். போர்ட் பெயர் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும், அது வெறும் பெயர், விட்டுவிடலாம். ஸ்கேன் 2 யுட்டிலிட்டியிலும் புது எண்.